சம்மட்டி எழுதிய இருபத்திரண்டாம் விதி

அவளுக்குச் சம்மட்டி என்று பேர் வைத்தது எந்த மகராசனோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரோபோ போட்டிக் குழுவில் பதினொரு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. யாராவது ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்து, விதியும் புள்ளிக்கணக்கும் எழுதி, பிள்ளை பெற்ற பெருமையோடு கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். அதை அவள் உடைக்க வேண்டும். எந்த விதியில் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக எந்தக் கெட்டிக்காரப் பயல் நுழைவான் என்பதைப் போட்டி நாளுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பிழைப்புக்கு அவள் லிஃப்ட் பரிசோதகர். மாடிக் கட்டடங்களில் ஏறி, இது எப்போது அறுந்து விழும் என்று எழுதிக் கொடுப்பவள். அவள் கையில் ஒரு விளையாட்டைக் கொடுத்தால் கொஞ்சவா செய்வாள்?

போன வருஷம் அவளிடம் அடி வாங்கினவர் சொந்த அத்தான், அக்கா புருஷன். அவர் ஓவிய வாத்தியார். ரோபோ பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதைச் சதுரமாக வரைய வேண்டும் என்பதுதான். மூன்று மாதம் உட்கார்ந்து விண்வெளி விளையாட்டு ஒன்று செய்தார். ஆடுகளம் முழுக்க கிரகங்கள், கிரகங்களுக்கு வளையங்கள், வளையங்களுக்கு நிழல் வேறு. சம்மட்டி விதிப் புத்தகத்தைப் புரட்ட ஐந்து நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"முதல் பத்து விநாடியில எதிராளி கூடையக் கவுத்துட்டா, மிச்ச நேரம் பூராவும் கொட்டாவி விடலாம். கிரகம் மட்டும் ரொம்ப நல்லா வந்திருக்கு அத்தான்" என்றாள்.

குழுவே சிரித்தது. அத்தானும் சிரித்தார், வேறு என்ன செய்வார் பாவம். அக்கா மட்டும் பத்து மாதம் தங்கையின் போனை எடுக்கவில்லை.

இந்த வருஷம் குழுத் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், பேச்சிலிருந்து இல்லை. "குத்தம் சொல்றது சுலபம்மா. இந்த வாட்டி நீயே ஒண்ணு பண்ணிக் காட்டு. உங்க அத்தான் உடைச்சுப் பார்க்கட்டும். உடைஞ்சா, அவரோட கிரகத்தையே கொஞ்சம் ஒட்டுப்போட்டு நடத்திடுவோம்" என்றார்.

ஆக, பந்தயம் இதுதான். நின்றால் சம்மட்டியின் விளையாட்டு. உடைந்தால் அத்தானின் கிரகங்கள், அதோடு ஆயுசு முழுக்க அத்தானின் இளிப்பு. அதைப் பார்ப்பதற்கு லிஃப்ட் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளலாம் என்று அவளுக்கு இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, உழைத்தாள். அவள் செய்த விளையாட்டு பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நடுவில் இருபத்துநான்கு பந்துகள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூடை. ஒரு பக்கம் ஒரு பள்ளியின் ரோபோ, எதிர்ப்பக்கம் இன்னொரு பள்ளியின் ரோபோ. உன் கூடையில் ஒரு பந்து விழுந்தால் உனக்கு ஒன்று. கிரகம் இல்லை, வளையம் இல்லை. இருபத்தொரு விதிகள் எழுதினாள். ஒவ்வொன்றையும் தானே எதிரியாக நின்று உதைத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை.

கெடுத்தது இருபத்திரண்டாவது. குழுவில் பிள்ளைகளுக்கு மனநலம் பார்க்கிற டாக்டர் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் மனசு டாக்டர் என்பார்கள். அவளுக்கு ஒரு குழந்தையும் எங்கேயும் எப்போதும் அழக் கூடாது. "போன வருஷம் ஒரு ஸ்கூல் இருவதுக்கு ரெண்டுன்னு தோத்துச்சு. அந்தப் பிள்ளைங்க மூஞ்சிய நீங்க பார்த்தீங்களா? பெரிய ஸ்கூல் சின்ன ஸ்கூலப் போட்டு மிதிக்காம இருக்க ஒரு விதி வேணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள். சம்மட்டிக்கு இரக்கத்தைக் கண்டாலே அலர்ஜி. ஆனால் சவாலைக் கண்டால் விடமாட்டாள். இரண்டு நாளில் இதை எழுதிக் கொண்டுவந்தாள்:

'ஆட்ட முடிவில், தோற்ற அணி எடுத்த எண்ணிக்கையே இரு அணிகளுக்கும் புள்ளியாக ஏறும். வென்ற அணிக்குக் கூடுதலாக ஐந்து.'

அதாவது இருபதுக்கு இரண்டு என்று மிதித்தால் உனக்கும் இரண்டுதான், கூட ஒரு ஐந்து. பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று ஜெயித்தால் உனக்குப் பதினாறு. மிதித்தால் நஷ்டம். மொத்தப் புள்ளியில் முதல் எட்டு இடம் பிடிக்கிறவர்கள்தான் இறுதிச் சுற்றுக்குப் போக முடியும் என்பதால், எவனும் எவனையும் மிதிக்க மாட்டான். மனசு டாக்டர் கண்கலங்கிவிட்டாள். தலைவர் விதியைச் சத்தமாக வாசித்து, வாசித்த தன் குரலையே ரசித்தார். சம்மட்டிக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. ஊரார் விதியைத் தட்டிப் பார்த்தே பழகியவளுக்குத் தன் விதி என்றதும் கை வலித்துவிட்டது போல. அந்த ஒன்றை மட்டும் அவள் உதைத்துப் பார்க்கவில்லை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு விடுவதற்கு முன்னால் பெரியவர்களே ரோபோவாக நின்று ஆடிப் பார்க்க வேண்டும். ஒரு கை முதுகுக்குப் பின்னால். இன்னொரு கையில் சமையலறை இடுக்கி. குதிகாலும் விரலும் ஒட்டித்தான் அடியெடுத்து வைக்கலாம். கழுத்தைத் திருப்பக் கூடாது, உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். முக்கியமாக, ரோபோ பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியைத் தலைவர் ஒரு வருஷம்கூடக் காப்பாற்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளி, தரையில் டேப் ஒட்டிக் களம் போட்டார்கள். முதல் ஆட்டம் தலைவருக்கும் மனசு டாக்டருக்கும். தலைவர் ஒவ்வொரு பந்தை எடுக்கும்போதும் அதைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். டாக்டர், தலைவர் வருத்தப்படுவாரோ என்று பயந்து பயந்து போட்டாள். ஒன்பதுக்கு ஏழு. இருவருக்கும் மகிழ்ச்சி. அத்தான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு களத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூடையைக் கவிழ்க்கப் பார்த்தார், கூடை தரையோடு திருகியிருந்தது. பந்தைக் களத்துக்கு வெளியே உதைக்கப் பார்த்தார், பதினான்காம் விதி அதற்கு ஆப்பு வைத்திருந்தது. அவர் நோட்டில் ஒரு வரிகூட ஏறவில்லை. சம்மட்டி ஜன்னலோரம் சாய்ந்து நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தில் பலமான ரோபோவும் பலவீனமான ரோபோவும் மோத வேண்டும். பலமானதாக அத்தானே இறங்கினார். பலவீனமானதுக்கு ஆள் கிடைக்காமல், கூடையும் தட்டியும் செய்துகொடுத்த கார்பெண்டரைப் பிடித்து நிறுத்தினார்கள். அவருக்கு இடுக்கி கிடையாது, ஒரு நீளக் கரண்டி. டாக்டர் மூன்று முறை கைதட்டினால் அவர் ஒரு அடி வைக்கலாம். மனுஷன் சிரிக்கவே இல்லை. கூடை செய்கிறபோது எவ்வளவு கவனமாக இருந்தாரோ அவ்வளவு கவனமாகக் கரண்டியை நீட்டி, பந்தை ஏந்தி, மூச்சுப் பிடித்து நடந்துபோய்த் தன் கூடையில் போட்டார். ஒன்று. திரும்ப நடந்து வந்து, இன்னொன்று.

அதற்குள் அத்தான் பத்து போட்டுவிட்டார். பத்தாவதைப் போட்டவர் நின்று, உடம்போடு திரும்பி, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். கணக்கு அவர் மண்டையில் ஏற அரை நிமிஷம் ஆனது, ஆனாலும் ஏறிவிட்டது. இப்படியே போனால் தனக்கு இரண்டும் ஐந்தும் ஏழுதான். விறுவிறுவென்று இடுக்கியை நீட்டிக்கொண்டு போய்க் கார்பெண்டரின் கூடையில் பந்து போட ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கார்பெண்டர் தன் மூன்றாவது பந்தைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தபோது கூடைக்கு முன்னால் அத்தானின் முதுகுதான் இருந்தது.

"நீ ஓரமா நில்லுப்பா. குறுக்க வந்தா இடிக்குது. உனக்கும் சேர்த்து நானே போடுறேன்" என்றார் அத்தான்.

கார்பெண்டர் ஓரமாக நின்றார். விசில் ஊதுகிறவரைக்கும், கரண்டியைச் சாயவிடாமல், பந்தோடு நின்றார்.

பன்னிரண்டுக்குப் பதினொன்று. ஒரு பந்து கரண்டியில். கூடம் முழுக்கக் கைதட்டல். "அடடா! ஜெயிக்கிறவன் தோக்கிறவனுக்கும் சேர்த்துப் போடுறான் பாருங்க! இதுவல்லவா மனிதநேயம்!" என்று தலைவர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். மனசு டாக்டர் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "தலைகீழா நின்னு பார்த்துட்டேன். உடைக்க முடியல. ஒத்துக்குறேன்."

உடைத்தது தெரியாமல் உடைத்த புண்ணியவான்! லிஃப்ட் கம்பிவடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் சம்மட்டியின் விரலுக்குத் தெரிந்துவிடும். இதுவும் அப்படித்தான் தெரிந்தது. பலவீனமானவனை ஓரமாக நிற்க வைத்தால் இருவருக்கும் லாபம். அவன் உழைத்தால் இருவருக்கும் நஷ்டம். எதிராளி கூடையில் போடக் கூடாது என்று ஒட்டுப்போடலாமா? அப்போது சின்னப் பள்ளியோடு ஜோடி விழுந்தவர்கள் எல்லாம், இந்தச் சனியன் நம் புள்ளியைக் கெடுக்க வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். விதியின் வேரே அழுகல்.

கார்பெண்டர் கரண்டியைக் கொடுக்க அவளிடம்தான் வந்தார்.

"எனக்குப் பதினொண்ணா மேடம்? நான் ரெண்டுதானே போட்டேன்?"

"விதி அப்படிண்ணே."

"அப்ப நான் எதுக்கு மேடம் உள்ள நின்னேன்?" சண்டைக்காகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

சம்மட்டி வாயைத் திறந்தாள். அந்தச் சமயம் பார்த்து அத்தான் ஒப்புதல் தாளை அவள் முன்னால் நீட்டினார். "என்ன சம்மட்டி, மூஞ்சி சுண்டிப் போச்சு? பதினொரு வருஷத்துல உடையாத விளையாட்டு இது ஒண்ணுதான். போடு கையெழுத்த." அந்த மனிதர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார், அதுதான் கொடுமை. உடைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடைத்தவர் இவர்தான் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். சாகிறவரைக்கும் கல்யாணம் காதுகுத்து ஒன்று விடாமல் அந்தக் கதையைச் சொல்வார். ஊரெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டிய வாய், தன் விஷயம் என்றதும் பூட்டிக்கொண்டது. கையெழுத்துப் போட்டாள்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அக்கா அவளுக்குப் பரிமாறினாள். "சம்மட்டிக்கே சம்மட்டி வைக்க முடியல, நான் ஒரு சுத்தியல், நான் என்ன பண்ணுவேன்!" என்று அத்தான் தன்னையே கேலி செய்துகொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். "என்னடி சாப்பிடாம அளைஞ்சிட்டு இருக்கே?" என்றாள் அக்கா. பசியில்லை என்றாள் சம்மட்டி.

விளையாட்டு வெளியானது. எண்பத்துநாலு பள்ளிகள். விதிகளில் சந்தேகம் இருந்தால் பிள்ளைகள் போட்டியின் இணையப் பக்கத்தில் கேட்கலாம். அன்றைக்குள் பதில் வர வேண்டும், வந்த பதில் விதிக்குச் சமம். பதில் எழுதுவது சம்மட்டிதான். ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டாள். 'ஆறாம் விதியை மறுபடி படிக்கவும்.' 'கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.' 'முடியாது.' பிள்ளைகள் பயந்து பயந்து கேட்டார்கள். இருபத்திரண்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் பக்கத்தைத் திறந்ததும் அந்த எண்ணைத்தான் முதலில் தேடுவாள். மூடும்போது, எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். நல்ல சமாதானம்! இதே சமாதானத்தைச் சொன்ன கட்டடக்காரர்கள் எத்தனை பேருடைய லிஃப்டை இவள் பூட்டி சீல் வைத்திருக்கிறாள்.

யார் யாரோடு மோத வேண்டும் என்ற பட்டியல் வந்த மறுவாரம், அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கேள்வி வந்தது.

'வணக்கம் மேடம். எங்கள் அணிக்கு முதல் மூன்று ஆட்டமும் ஒரே பெரிய பள்ளியோடு. அவர்கள் ஆடிப் பார்த்துவிட்டு, எங்கள் ரோபோ உள்ளே நகர்ந்தால் இடைஞ்சல், நீங்கள் நகராமல் நின்றால் உங்களுக்கும் சேர்த்து நாங்களே போடுகிறோம், ஆட்டத்துக்குப் பதினொன்று வரும் என்கிறார்கள். நகராத ரோபோ எதற்கு என்று எங்கள் அணியில் கேட்கிறார்கள். நாங்கள் ரோபோ இல்லாமல் வெறுமனே வந்து நிற்கலாமா?'

சம்மட்டி டிபன் பாக்ஸை மூடினாள். விதிப்படி பதில் ஒரே வார்த்தை: நிற்கலாம். ரோபோ கட்டாயம் வர வேண்டும் என்றோ, வந்தால் நகர வேண்டும் என்றோ அவள் எங்கேயும் எழுதவில்லை. நகராமல் இருக்க எவன் ஆசைப்படுவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பக்கத்து மேசைக்காரர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை. கரண்டியில் பந்தோடு நின்ற மனிதர்தான் கண்ணுக்குள் நின்றார். அவரைப் பார்த்தும் கையெழுத்துப் போட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

குழுவைக் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் போடுவார்கள், தலைவர் பேசுவார். நேராகத் தட்டினாள்:

'இருபத்திரண்டாம் விதி இன்று முதல் ரத்து. அவரவர் போட்டது அவரவருக்கு. அந்த விதி தப்பு. எழுதியது நான். சோதனை நாளிலேயே அது உடைந்ததை நான் பார்த்தேன், சொல்லவில்லை. ரோபோவோடு வாருங்கள்.'

அவள் வாழ்நாளில் எழுதிய மிக நீளமான பதில் அதுதான்.

பத்து நிமிஷத்தில் தலைவர் அழைத்தார். "யாரைக் கேட்டும்மா பண்ணினே? என் தொடக்க உரையே அந்த விதியப் பத்தித்தான்! அடுத்த கூட்டத்துல உன் இடத்தப் பத்திப் பேச வேண்டியிருக்கும்." பேசுங்கள் என்றாள். அடுத்தது அத்தான். இந்தச் சிரிப்புக்குத்தானே பயந்தோம், வரட்டும் என்று போனைக் காதில் வைத்தாள்.

"அப்ப அன்னைக்கே நான் உடைச்சிட்டேனா?" என்றார் அத்தான்.

"ஆமா அத்தான். உங்களுக்கே தெரியாம உடைச்சீங்க."

அவர் சிரிக்கவில்லை.  "போன வருஷம் என் விளையாட்டு உடைஞ்சப்ப உடனே சொன்னே. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு, ஆனா பிள்ளைங்க தப்பிச்சுதுங்க. எனக்குத் தெரியலம்மா, அதனால சொல்லல. உனக்குத் தெரிஞ்சுதே" என்றார். போனை வைத்துவிட்டார்.

மண்டு என்று அவள் இருபது வருஷமாக நினைத்த மனிதர். 

திரையில் அந்தச் சின்னப் பள்ளியிலிருந்து மறுபடி எழுதியிருந்தார்கள்.

'நன்றி மேடம். ஆனால் போட்டிக்குழு எங்கள் ரோபோவுக்குக் கொடுத்த இரண்டு மோட்டாரையும் பெரிய பள்ளிக்காரர்கள் போன வாரமே கேட்டார்கள். நாங்கள் நிற்கத்தானே போகிறோம் என்று கழற்றிக் கொடுத்துவிட்டோம். அவர்கள் ரோபோவில் மாட்டியாகிவிட்டது. இனி திருப்பித் தர முடியாது என்கிறார்கள். முன்பு எங்களுக்குப் பதினொன்று வரும் என்றார்கள். இப்போது எத்தனை வரும்?'

அன்றைக்குள் பதில் போட வேண்டும். விதிப்படி அதற்கும் ஒரே வார்த்தைதான், பூஜ்யம். போன மாதம் என்றால் கண் இமைக்காமல் தட்டியிருப்பாள்.

கணினியை அணைத்தாள். அரை நாள் லீவு எழுதி மேலதிகாரி மேசையில் வைத்துவிட்டு, பெரிய பள்ளி இருக்கும் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள். கூட்டத்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. அங்கே போய் அந்தப் பிள்ளைகளிடமும் அவர்கள் வாத்தியாரிடமும் அதிகாரம் பண்ண முடியாது. மோட்டாரை வாங்கியது தப்பு என்று எந்த விதியும் சொல்லவில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும், கெஞ்சித்தான் கேட்க வேண்டும். தயவுசெய்து என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.